சீமைச் சோப்பும் சப்பைத் தண்ணீரும்

1

போன வியாழக்கிழமை ஆலையிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தேன். என் மகள் கவிதா தலையில் ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். சட்டையின் கழுத்து அவள் நெற்றியைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. சட்டைக் கைகள் இரண்டும் முதுகில் தொங்கின. தலையை ஆட்டினால் அவையும் ஆடின.

"இதுதான் என் முடி" என்றாள், ஆங்கிலத்தில்.

"அப்போ உன் சொந்த முடி எங்கே?"

"அடியில இருக்கு. அதை யாரும் பார்க்க வேண்டாம்."

அவளுக்கு ஐந்து வயது. வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தேழு தலைகளில் சீப்பை வைத்தால் அது தானாகக் கீழே வந்துவிடும். கவிதாவின் தலையில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். நான் சீப்பை எடுத்தால் அவளிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் இரண்டே சொற்கள்: "அம்மா", "வலிக்குது".

கேரளத்து எல்லையோரக் கிராமமான எங்கள் முதலமடையில் என் அப்பா வழியில் எல்லோருக்கும் இந்த முடிதான். ஒவ்வொரு இழையும் ஒரு திசையில் சுருளும். மழைக்காற்று பட்டால் தலை இரண்டு மடங்காகும். எனக்கும் அதே, என் தங்கை ருக்குமணிக்கும் அதே. அன்று மாலை கவிதாவை மடியில் உட்கார வைத்து அவளுடைய சித்தியின் கதையைச் சொன்னேன். அவள் பாதியில் தூங்கிவிட்டாள். ஊரில் இருக்கும் நீங்கள் தூங்க மாட்டீர்கள் என்று நம்பி, முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

2

நான் யார்க்ஷயரில் ஒரு கம்பளி ஆலையின் சோதனை அறையில் வேலை செய்கிறேன். கோயமுத்தூரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தேன். திருமணமாகி 1968இல் இங்கே வந்தேன். ஆட்டு முடியின் நீளம், தடிமன், ஈரம், எத்தனை பாரத்தில் அறுகிறது என்பனவற்றை அளந்து எழுதுவது என் வேலை. ஊரில் இதைச் சொன்னபோது என் அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கப்பலேறிப் போயி ஆட்டு மசுரு எண்ணறயாக்கும்?" என்று கேட்டார். அதுவும் சரிதான்.

1971 பிப்ரவரியில் ருக்குவின் கடிதம் வந்தது. அப்போது அவளுக்கு இருபது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்து, மலைமேல் பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அதைச் சந்தோஷமாக எழுதியிருப்பாள் என்று பிரித்தேன்.

"அக்கா, முடி தொட்டாக் கையோட வருது. பாதியில முறியுது. எட்டு மாசமா இதேதான். அம்மா பழனிக்கு நேந்துக்கிச்சு. முடி உதுர்றது நின்னா வைகாசி மொதச் செவ்வாய் எனக்கு முழு மொட்டை. நிக்காட்டியும் மொட்டைதானாம், எப்படியும் பொறவு வர்றது நல்லா வருமாம். கோடு போட்டாப்ல நேரா வருமாம். ஜூன் ஒண்ணாந்தேதி நான் வேலையில சேரணும். மொட்டைத் தலையில முக்காடு போட்டுட்டு, தெரியாத ஊர்ல, முப்பது புள்ளைக முன்னால நிக்கச் சொல்லுது. எனக்கு முடியாதுக்கா. இதோட எட்டு முடி வெச்சிருக்கேன். நீதான் முடி பாக்கற வேலை பண்றியே, பாத்துச் சொல்லு."

மதிய இடைவேளையில் அந்த எட்டையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். நான் பார்த்தவை:

நுனிகள் எட்டும் வெடித்திருந்தன. இரண்டாக அல்ல, மூன்றாக, நான்காக, பழைய விளக்குமாற்றின் முனை மாதிரி. ஐந்து இழைகள் நடுவிலும் முறிந்திருந்தன. எல்லா இழையின் மேலும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு படலம், மாவு காய்ந்து ஒட்டியது போல. அடியில் இருக்க வேண்டிய வெள்ளைக் குமிழ் ஒன்றில்கூட இல்லை. அதாவது ஒன்றும் வேரோடு உதிரவில்லை. எல்லாம் ஒடிந்தவை.

எங்கள் ஃபோர்மேன் டெரிக் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இது எந்த ஆட்டினம்?" என்று கேட்டார்.

"முதலமடை" என்றேன், யோசிக்காமல்.

பதிவேட்டை எடுத்து, பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார். அதன் பிறகுதான் நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் காதுவரை சிவந்தது. பிறகு மீண்டும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "கிழிந்த நுனி ஒட்டாது. விட்டால் கிழிசல் மேலே ஏறும். வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் இந்த மாவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. இல்லாவிட்டால் மிச்சமும் போகும்" என்றார்.

வேருக்குப் பழுதில்லை என்பதே எனக்குப் பெரிய செய்தி. மூன்று ஆண்டு சேர்த்து வைத்த விடுப்பைக் கேட்டேன். ஐந்து வாரம் கிடைத்தது. என் கணவர் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, "முடிக்காகக் கடல் தாண்டிப் போறது நீ ஒருத்திதான்" என்றார்.

3

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். டேப் ரெக்கார்டரோ கைக்கடிகாரமோ இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். வெளியே வந்தவை: துணியில் இழை எண்ணும் மடக்குக் கண்ணாடி ஒன்று, அகலப் பல் சீப்பு இரண்டு, வெள்ளை நூல்கண்டு, கட்டம் போட்ட நோட்டு, ஒரு கடித உறை. உறையைப் பிரித்தார்.

"இது என்ன?"

"முடி. எட்டு இழை."

"யாருடையது?"

"என் தங்கச்சியோடது."

"தங்கச்சி லண்டன்ல இருக்காங்களா?"

"இல்லைங்க, முதலமடையில."

அவர் உறையை மூடினார். "இங்க இருந்து அங்க போன முடியை எதுக்கும்மா திரும்ப இங்க கொண்டுவர்றீங்க?"

எவ்வளவு விளக்கினாலும் அவருடைய படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி வந்து உறைக்குள் பார்த்துவிட்டு, தன் தலையைத் தடவிக்கொண்டார். அவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. "போகட்டும், விடுப்பா" என்றார்.

முதலமடையில் சித்திரை வெயில். மாம்பழ லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அப்பா தோப்பில், காய் இறக்கும் ஆட்களோடு. அம்மா வாசலிலேயே என் முகத்தைத் தடவி, "என்ன கண்ணு இப்படி வெளுத்துப் போயிட்ட? அங்க வெயிலே அடிக்காதா?" என்றார். அடுத்த மூச்சில், "வயித்துல ஒண்ணுமில்லியா இன்னும்?" அதற்கு அடுத்த மூச்சில், "தங்கச்சி தலையப் பாத்தியா?"

ருக்கு முக்காட்டை எடுத்தாள். இடுப்புவரை இருந்த கூந்தல் தோளுக்குக் கீழே ஒரு சாண் அளவில், வெவ்வேறு நீளத்தில் நின்றது. காதுக்கு மேலே முறிந்த குட்டை முடிகள் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. தொட்டால் தேங்காய் நார்.

"சாமி கண்ணுதான் பட்டிருக்கோணும்" என்றார் அம்மா. "ஊட்டுல படிச்ச புள்ளைன்னு எத்தன பேரு வந்து பாத்தாங்க! அதுக்குத்தான் நேந்துக்கிட்டேன்."

"சாமி கண்ணா, ஊரு கண்ணா?" என்றாள் ருக்கு.

"ஏதோ ஒரு கண்ணு. வாய மூடு."

மறுநாள் காலையில் நோட்டை எடுத்து, சந்தேகப்பட வேண்டியவற்றை எழுதினேன். வெயில். எண்ணெய். சீப்பு. ஈரத்தோடு இறுக்கிப் பின்னுவது. தண்ணீர். ஐந்தையும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். எண்ணெய் எங்கள் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், அதில் குற்றமில்லை. வெயில் எல்லோருக்கும் பொது. சீப்பு மோசம்: பேன் எடுக்கும் நெருக்கப் பல் சீப்பால் காய்ந்த தலையை உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். இறுக்கிப் பின்னுவதும் உண்டு. ஆனால் இவை இரண்டும் அந்தச் சாம்பல் படலத்தை உண்டாக்காது. மிச்சம் இருந்தது தண்ணீர்.

போன வருடம் எங்கள் கிணறு வற்றி, வெடி வைத்து ஆழப்படுத்தியிருந்தார்கள். ஊறி வந்தது சப்பைத் தண்ணீர். பருப்பு வேகாது, வாயில் வைத்தால் உவர்க்கும். குடிப்பதற்கு நல்ல தண்ணீர் ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்து அரை மைல் சுமக்க வேண்டும். குளிப்பது சப்பைத் தண்ணீரில்தான்.

"அப்ப தண்ணிதானா?" என்றாள் ருக்கு.

நோட்டை மூடப் போனேன். மூட முடியவில்லை. அதே தண்ணீரில்தான் அம்மாவும் குளிக்கிறார். அம்மாவின் கொண்டை பளபளவென்று இருந்தது.

4

"அம்மா, நீ தலைக்கு என்ன போடறே?"

"அரப்பு. வேற என்னத்தப் போடுவாங்க?"

அரப்பு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இலைப்பொடி. உசிலமரத்து இலையைக் காயவைத்து இடித்து, வடித்த கஞ்சியில் குழைத்துத் தலைக்குத் தேய்ப்போம்.

"ருக்கு, நீயும் அரப்புத்தானே?"

ருக்கு அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு எதுக்கு அரப்பு?" என்றார் அம்மா பெருமையாக. "நீதான் சீமைச் சோப்பு அனுப்பறயே! நாங்க யாரும் தொடறதில்ல. அத்தனையும் அவளுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கறேன். மணியக்காரர் ஊட்டுப் புள்ளைககூட வந்து மோந்து பாத்துட்டுப் போகுது."

உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். நீலக் காகிதத்தில் சுற்றிய வெள்ளைச் சோப்புகள், லாவெண்டர் மணத்தோடு, வரிசையாக அடுக்கியிருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டஜன் டஜனாக நான் அனுப்பியவை. சிலவற்றைத் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார், வாசனைக்கு.

இரண்டு கண்ணாடிப் புட்டிகள் கேட்டேன். ஒன்றில் கிணற்றின் சப்பைத் தண்ணீர், ஒன்றில் குடிக்கும் நல்ல தண்ணீர். இரண்டிலும் அந்தச் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டு, மூடிக் குலுக்கினேன். நல்ல தண்ணீர்ப் புட்டி கழுத்துவரை நுரைத்தது. சப்பைத் தண்ணீர்ப் புட்டியில் நுரையே இல்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. ஒரு துணுக்கை எடுத்து ருக்குவின் முடி ஒன்றில் தடவிக் காயவிட்டேன். இழை எண்ணும் கண்ணாடியில் பார்த்தால் அதே சாம்பல் படலம்.

யார்க்ஷயரில் குழாயில் வருவது மேட்டுநிலத்து மழைத்தண்ணீர். அங்கே இந்தச் சோப்பு பட்டுப் போல நுரைக்கும். நான் அங்கே குளித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று ஊருக்கு அனுப்பினேன். ஊர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து பிசினாகி முடியில் ஏறியிருக்கிறது. பிசின் ஏறினால் சிக்கு விழும். சிக்கு விழுந்தால் ருக்கு மேலும் சோப்புப் போடுவாள். மேலும் பிசின். அதைப் பேன் சீப்பால் இழுத்தால் ஒடியாமல் என்ன செய்யும்? தண்ணீரின் கடினத்தை அளப்பது என் வேலையில் முதல் வாரம் கற்றுக்கொடுக்கும் பாடம். பார்சல் கட்டும்போது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

"சாமி கண்ணும் இல்ல, ஊரு கண்ணும் இல்லம்மா" என்றேன். "நான் அனுப்புன சோப்பு."

ருக்கு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். "பத்து மாசமாக்கா! அது புடிக்கவே இல்ல எனக்கு. அக்கா ஆசையா அனுப்புனது, மிச்சம் வெச்சா மனசு நோகும்னு அம்மா திட்டித் திட்டித் தேய்க்கச் சொல்லுச்சு!"

"நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் அம்மா. "பாத்துப் பாத்து எடுத்து வெச்சனே. வெள்ளக்காரன் செஞ்சது கெடுதல் பண்ணும்னு யாரு நெனப்பா?" சோப்புகளை எடுத்தார். தூக்கிப் போட மனம் வரவில்லை. திரும்பவும் துணிக்கு நடுவிலேயே வைத்தார்.

ஆனால் நேர்ச்சை நேர்ச்சைதான், அதில் மாற்றமில்லை என்றும் சொன்னார்.

5

வைகாசி முதல் செவ்வாய்க்கு இருபத்தாறு நாட்கள் இருந்தன. நான் நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியது இதுதான். கவிதாவின் தலைக்கு இன்றும் பெரும்பாலும் இதே முறை. இங்கே நல்ல தண்ணீர் குழாயிலேயே வருவது ஒன்றுதான் வசதி.

ஒன்று, ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளியல். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தேங்காயெண்ணெய். உச்சிக்குக் குறைவாக, நுனிக்கு நிறைய. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். பழையது நுனி. அதற்குத்தான் பசி.

இரண்டு, அரப்பு. வடித்த கஞ்சியில் தளரக் குழைத்து, மண்டையில் மட்டும் தேய்க்க வேண்டும். நீளத்துக்கு வழிகிற நீரே போதும். அரப்பு சப்பைத் தண்ணீரில் திரிவதில்லை. நம் ஆட்கள் அதைச் சோதனை அறை இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மூன்று, கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றி அலச வேண்டும். ஏற்கனவே ஏறிய பிசினை அந்தப் புளிப்புத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும்.

நான்கு, துண்டால் தேய்க்கக் கூடாது. பழைய வேட்டியால் ஒற்ற வேண்டும்.

ஐந்து, ஈரம் பாதி காய்ந்ததும் அகலப் பல் சீப்பு. நுனியில் ஆரம்பித்து, நான்கு விரல், எட்டு விரல் என்று மேலே ஏற வேண்டும். சுருட்டை முடியைக் காய்ந்தபின் சீவவே கூடாது. சீவினால் அடங்காது, ஆத்திரப்பட்டு எழுந்து நிற்கும்.

ஆறு, தளர்ந்த ஒற்றைச் சடை.

முதல் குளியலுக்கே சண்டை. அரை மைல் சுமந்த நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றுவதா என்று அம்மா சொம்பைப் பிடுங்கினார். "நான் சுமந்துட்டு வாரேன்" என்று ருக்கு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அது அவள் வேலை.

ஒவ்வொரு முறையும் சீவும்போது வெள்ளை வேட்டியை விரித்து, விழுந்த முடிகளைப் பொறுக்கி, குமிழ் உள்ளவை தனி, ஒடிந்தவை தனி என்று எண்ணினேன். குமிழோடு விழுவது இயற்கை. ஒடிவதுதான் நோய். முதல் நாள் ஒடிந்தவை இருநூற்று எண்பத்தேழு. இரண்டாம் முறை இருநூற்றுப் பத்து. மூன்றாம் முறை இருநூற்று ஐம்பத்தொன்று.

"ஏறிப்போச்சே!" என்றார் அம்மா. குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் வெற்றியும் இருந்தது.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. எங்கே தப்பு? ருக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி?"

"நேத்து வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன்ல, சர்டிபிகேட் வாங்க. தலை கொப்பரையாட்ட நின்னுச்சு. கிளார்க்கு மலையாளத்துல 'எந்தா குட்டி, காத்தா?'ன்னு கேட்டான். ஊட்டுக்கு வந்து பேன் சீப்புல இழுத்து இழுத்து..."

பேன் சீப்பை வாங்கி என் பெட்டியில் பூட்டினேன். நான்காம் முறை நூற்று முப்பது. ஐந்தாம் முறை எழுபத்திரண்டு. எண்ணி முடித்ததும் ருக்கு என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் தானே எல்லாவற்றையும் மறுபடி எண்ணினாள். எழுபத்திரண்டுதான். சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கற்றை கற்றையாக விழத் தொடங்கியிருந்தன. எண்ணெய் தடவாமலே ஒரு மினுமினுப்பு.

6

நுனிகள் மட்டும் பாக்கி. டெரிக் சொன்னது சரி. வெடித்த நுனி ஒவ்வொன்றும் மேலே கிழிந்துகொண்டு போனது. நான் கத்தரிக்கோலைக் கேட்டேன்.

"கல்யாணமாகாத புள்ள முடியில கத்தரி வெப்பாங்களா ஊட்டுல?" என்றார் அம்மா. "அதெல்லாம் சாமி முன்னாலதான் எறக்கோணும். செவ்வாக்கெழம மொத்தமா எறக்கிப் போடலாம், பேசாம இரு."

எங்கள் பக்கம் பெண்கள் கூந்தலின் நுனியை வீட்டில் வெட்டுவதே கிடையாது. அதனால்தான் வெடிப்பு பிறந்தால் சாகாமல் வளர்கிறது. மொட்டை போட்டாலும் வேர் அதேதான், முடி அதே சுருளாகத்தான் வரும் என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை.

ருக்குதான் வழி கண்டுபிடித்தாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, மாமன் மக போன வருசம் பழனியில பூமுடி குடுத்தாளே. நுனியில மட்டும் கத்தரிச்சு. அதுவும் சாமிக்குக் குடுத்ததுதானே?"

"அவ நேந்தது பூமுடி. நான் நேந்தது முழு முடி. சாமிகிட்டப் போயிக் கொறைச்சுக்கோன்னு கேக்கச் சொல்றியா, மாங்கா யாவாரியாட்ட?"

"பேரமில்லம்மா. உதுர்றது நின்னா மொட்டைன்னுதானே நேந்த? நின்னு போச்சு. நிறுத்துனது அக்கா இல்ல, சாமின்னே வெச்சுக்க. நல்லாக்கிக் குடுத்த முடியை அவரே செரைச்சு வாங்கிக்குவாரா? கெட்டுப்போன நுனியக் குடுக்கறேன். நல்ல முடிய எனக்கு விட்டுரு. அதோட நான் வேலைக்குப் போகோணும்."

அம்மா புடைப்பதை நிறுத்தினார். "நீ போறது மலை. குளுரு. அட்டை. ஒருத்தரையும் தெரியாது. சாமி கடனப் பாக்கி வெச்சுப்போட்டு உன்னைய எப்படிம்மா அங்க தாட்டிவுடறது? எனக்குத் தைரியம் வரலியே."

அதுவரை அம்மாவின் பிடிவாதத்தை முடியைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன். ருக்கு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அம்மா முறத்தை மறுபடி எடுத்து, "பழனிக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

7

செவ்வாய்க்கிழமை விடியலில் பாசஞ்சர் ரயில் ஏறினோம். அம்மா, ருக்கு, நான். முந்தின நாள் ஆறாவது குளியல், ஒடிந்தவை நாற்பத்தொன்று. நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். "இதக் கொண்டு போயி முருகங்கிட்டக் காட்டு" என்றார். பொள்ளாச்சி, உடுமலை என்று நிலையங்கள் போக, ருக்கு சன்னலோரம் சடையை முன்னால் போட்டுப் பிடித்தபடியே வந்தாள்.

பழனியில் முடி இறக்கும் இடத்தில் நல்ல கூட்டம். அம்மா எங்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ச் சீட்டு வாங்கி வந்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். என்ன சீட்டு என்று கேட்டோம். சொல்லவில்லை.

எங்கள் முறை வந்தது. ருக்கு பலகையில் உட்கார்ந்தாள். அம்மா முந்தானையை அவிழ்த்து ஒரு சீட்டை நாவிதரிடம் கொடுத்தார். அவர் அதைப் பார்த்தார். தண்ணீரை அள்ளி ருக்குவின் தலையில் தெளித்தார். ருக்கு கண்களை மூடிக்கொண்டாள். அவர் கை கத்தியைத் தாண்டிப் போய், கத்தரிக்கோலை எடுத்தது.

"பூமுடிக்கு மூணு வெட்டுத்தாம்மா. கண்ண மூடாத, வலிக்காது" என்றார்.

என் கையில் வெள்ளை நூல் தயாராக இருந்தது. ருக்கு கண்ணைத் திறப்பதற்குள் அவள் சடையை அவிழ்த்துச் சீவி, நுனியிலிருந்து மூன்று விரற்கடை மேலே நூலைச் சுற்றிவிட்டேன். "அண்ணா, இந்த நூலுக்குக் கீழ ஒண்ணு விடாம, நேரா வெட்டுங்க."

"ஏம்மா, நான் முடி எறக்கறவனா, டைலரா? பின்னால எத்தன பேரு நிக்கறாங்க பாரு."

"சாமிக்குக் குடுக்கறது கோணலா இருக்கலாமுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நூலோடு ஒட்டி வெட்டினார். அத்தனை மாதத்து விளக்குமாறு முழுவதும் தட்டில் விழுந்தது. மிஞ்சிய கூந்தலின் விளிம்பு ஒரே கோடாக, கனமாக, சுருண்டு ஏறியது. ருக்கு கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த விளிம்பைத் தொட்டாள். விரல்கள் ஓரிடத்திலும் சிக்கவில்லை.

"எந்திரி" என்றார் அம்மா. முந்தானையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து நாவிதரிடம் கொடுத்தார். அதே பலகையில் அவர் உட்கார்ந்து, பின்கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

"அம்மா!"

"என்ன அம்மா? நேந்தது என்ற வாயி. முழு முடின்னு சொல்லிப்போட்டேன், முழு முடி குடுக்கோணும். இவ தலைதான்னு அவரு கேட்டாரா? நான் என்ன பள்ளிக்கூடமா நடத்தப் போறேன்?" நாவிதரிடம் திரும்பி, "நூலெல்லாம் வேண்டாமுங்க. அடியோட எடுங்க" என்றார்.

திரும்பும் ரயிலில் மூன்று பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். நடுவில் அம்மா, மொட்டைத் தலையில் சந்தனம். ஏறுகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "இத மொதல்லியே பண்ணியிருக்கலாமாட்ட இருக்குது, காத்து என்னமா அடிக்குது!" என்றார். ருக்கு அவர் தோளில் சாய்ந்து அழுதாள், சிரித்தாள். நான் நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, "நேர்ச்சை தீர்ந்தது" என்று எழுதிக் கோடு போட்டேன்.

8

ஜூன் கடைசியில் யார்க்ஷயருக்கு ருக்குவின் கடிதம் வந்தது. பீர்மேட்டில் மழையும் மூடுபனியும் ஒன்றாக இறங்குமாம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலை பத்து மணிவரை கண்ணுக்குத் தெரியாதாம். பொட்டலம் கட்டிக் கொண்டுபோன அரப்பு மழைச்சாரலில் கட்டிதட்டிவிட்டதாம். வேறு அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு எழுதியிருக்கிறாளாம்.

முதல்நாள் காலை தலையைச் சொன்னபடியே சீவி, தளரச் சடை பின்னி, கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். பள்ளிக்கூடம் கால் மைல். போய்ச் சேர்வதற்குள் பனி அதன் வேலையைச் செய்துவிட்டது. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் சுருள்கள் எல்லாம் எழுந்து, தலையைச் சுற்றி ஒரு வட்டம் கட்டிவிட்டன. முப்பது பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்களாம். ஹெட்மாஸ்டர் பீர்மேட்டிலேயே பிறந்த பெரியவர். வகுப்பு வாசலில் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. வகுப்புக்கு வரும்போது முடிய கொஞ்சம் ஒதுக்கிக் கெட்டிட்டு வரலாம்லா?"

ருக்கு சடையை எடுத்து முன்னால் போட்டாள். நுனி ஒரே கோடாக நின்றது.

"ஒதுக்கிக் கட்டுனதுதானுங்க சார் இது" என்றாள். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.